மணிக்கட்டு எலும்பின் வடிவமும் எலும்புத் திசு இறப்பும்: தொடர்பு என்ன?

மணிக்கட்டின் நடுவே நீடிக்கும் வலி, வீக்கம், பிடிமானக் குறைவு ஆகியவை பெரும்பாலும் சுளுக்கு என்றே கருதப்படுகின்றன. மாதக்கணக்கில் அவை குணமாகாவிட்டால், 'கீன்பாக் நோய்' காரணமாக இருக்கலாம்.

மணிக்கட்டில் உள்ள 8 சிறிய எலும்புகளில் ஒன்று பிறை எலும்பு. அதற்குச் செல்லும் ரத்த ஓட்டம் தடைபட்டு, எலும்புத் திசு இறப்பதே இந்நோய். வியன்னாவைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் ராபர்ட் கீன்பாக் 1910-ஆம் ஆண்டு இதனை விவரித்தார். 20 முதல் 40 வயது வரையிலான ஆண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

பெங்களூருவின் ஈஜிபுராவில் 2017-இல் தொடங்கிய மேம்பாலப் பணி போன்ற கட்டுமானங்களில், தொழிலாளர்களின் உழைப்பு முழுவதும் கைகளையே நம்பியுள்ளது. கடின உழைப்பு மட்டுமே இந்நோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. எனினும், பிடிமானம் போனால் வேலையும் போகும் நிலையில் உள்ளவர்களுக்கு இதன் பாதிப்பு பெரிது.

எலும்பின் வடிவம் ஏன் முக்கியம்?

முன்கையில் ரேடியஸ், அல்னா என இரு எலும்புகள் உள்ளன. சிலருக்கு அல்னா சற்றே குட்டையாக இருக்கும். அப்போது ரேடியஸ் வழியாகப் பிறை எலும்பின் மீது விழும் அழுத்தம் கூடுகிறது. கீன்பாக் நோயாளிகளிடம் இந்த அமைப்பு அதிகமாக இருப்பதை ஸ்வீடனின் ஹுல்டேன் 1928-இல் சுட்டிக்காட்டினார். ஆனால், ஜப்பானில் நடந்த ஆய்வு இத்தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. குட்டையான அல்னா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதுமில்லை.

பிறை எலும்பும் எல்லோருக்கும் ஒரே வடிவில் இருப்பதில்லை. சிலருக்கு அது அருகிலுள்ள கொக்கி எலும்புடன் கூடுதலாக ஒரு மூட்டை அமைக்கிறது. நோய் வந்த பிறகு எலும்பு பிளவுபடுவதை இவ்வமைப்பு ஓரளவு தடுப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

சிகிச்சையைத் தீர்மானிப்பதிலும் வடிவத்துக்குப் பங்குண்டு. அல்னா குட்டையாக இருந்து, பிறை எலும்பு இன்னும் நொறுங்காத நிலையில், ரேடியஸ் எலும்பைச் சில மில்லிமீட்டர் குறைத்து அழுத்தத்தைத் தணிக்கலாம். இரு எலும்புகளும் சம நீளமாக இருந்தால் வேறு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

தொடக்க நிலையில் எக்ஸ்ரே படம் இயல்பாகவே தோன்றக்கூடும். எம்ஆர்ஐ பரிசோதனையே நோயைக் காட்டும். எனவே, எக்ஸ்ரேயில் குறை ஏதும் தெரியாவிட்டாலும், வாரக்கணக்கில் வலி நீடித்தால் எலும்பு மருத்துவரை மீண்டும் அணுகுவது அவசியம்.