ஆழமில்லாத கடல்

அட்டன், நுவரெலியா மலைகளில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அங்குள்ள லயங்களில் கடல் கதை இல்லாத குடும்பம் அரிது. பாட்டனும் பூட்டனும் கடந்து வந்த அந்தக் கடலின் விசித்திரமே, அதற்கு ஆழம் இல்லை என்பதுதான்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பல இடங்களில் அவற்றின் மேல் ஆள் உயரத் தண்ணீர்கூட இல்லை. தெற்கே மன்னார் வளைகுடாவோ ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் தண்ணீர் ஏராளமாகப் பனிக்கட்டியாய் உறைந்திருந்தது. கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அன்று இந்த இடம் கடலே அல்ல, தரை. பனி உருகியதும் தரை மூழ்கியது; மூழ்கியும் முழுதாக மூழ்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குக் காற்று தெற்கே திருப்பும். இந்த இழுபறியில் திட்டுகள் உருமாறிக்கொண்டே இருக்கின்றன.

ஆகவே இங்கே நடந்து கடக்கவும் முடியாது, பெரிய கப்பல் நுழையவும் முடியாது. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிமார் கூட்டி வந்தவர்கள் தோணியில் மன்னாருக்கு வந்து, வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் திறந்தன. தனுஷ்கோடியில் நீராவிக் கப்பல், சுமார் 35 கிலோமீட்டர் கடல், அப்புறம் கோச்சி: மதவாச்சி, பொல்காவலை, அட்டன்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரு அரசுகளும் முடிவு செய்தன, போகிறவர்களைக் கேட்கவில்லை. இரண்டு மாதம் முடியுமுன், டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. ஆழ்கடலில் காற்று தள்ளும் தண்ணீருக்கு அடிவழியாகத் திரும்பி ஓட இடமிருக்கும். ஆழமற்ற கடலில் அதற்கு வழியில்லை. தள்ளத் தள்ளக் குவிந்து, கரைமேல் ஏறும். கப்பல் துறையும் ஊரும் போயின. ஆட்களோடு ஒரு ரயிலும் போனது.

பிறகு தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இராமானுஜம் என்ற கப்பல் ஓடியது. இம்முறை மலையக மக்கள் எதிர்த்திசையில் போனார்கள். அவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். 1980களில் போர் வந்து கப்பலையும் நிறுத்திவிட்டது.

அட்டன் மேடையில் நின்று அந்தக் கோச்சிக்குக் கையசைத்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். உங்கள் லயத்தில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருடம், யார் யார் போனார்கள், எந்த ஊருக்கு என்று எழுதி வையுங்கள்.