நீலம், பச்சை, செங்கல் சிவப்பு

ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோயாளி இருந்த வீட்டில் ஒரு சோதனைக் குழாய், அதைப் பிடிக்க மரக் கவ்வி, ஒரு ஸ்பிரிட் விளக்கு, நீலத் திரவம் அடைத்த பாட்டில் எல்லாம் இருக்கும். அந்தத் திரவம்தான் பெனடிக்ட் கரைசல். குழாயில் 5 மில்லி கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, பொங்கி வழியாமல் ஆட்டி ஆட்டிக் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் சிவப்பு வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுவார்கள்.

கூட்டுக் குடும்பத்தில் இதைச் செய்வது லேசான காரியமில்லை. ஸ்பிரிட் தீர்ந்த நாளில் அடுப்படிக்குத்தான் போக வேண்டும். சமைக்கிற இடத்தில் மூத்திரத்தைக் காய்ச்சுவதா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். மருமகளாக வந்த பெண்கள் பலர் அதற்குப் பயந்தே பரிசோதனையை விட்டுவிட்டார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-ல் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய காலத்திலும் வீட்டில் செய்துகொள்ள முடிந்த பரிசோதனை இதுதான்.

இவ்வளவு பாடுபட்டும் தெரிந்துகொண்டது சொற்பம். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். ஆகவே நீலம் என்றால் 170-ஆகவும் இருக்கலாம், 50-ஆகவும் இருக்கலாம். இன்சுலின் போட்டுக்கொண்டு, சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து மயங்கிக் கிடக்கிறவருக்கும் குழாய் அதே நீலத்தைத்தான் காட்டும். வயதானவர்களில் பலருக்கு அந்த 180 என்கிற வரம்பே மேலே போய்விடும். நிறம் மாறவில்லை என்ற தைரியத்தில் இருந்தே கண்ணையும் காலையும் இழந்தவர்கள் உண்டு.

ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி வந்தபோது அது நோயாளிக்கென்று வரவில்லை. 1969-ல் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அப்படி ஒரு கருவியின் விளம்பரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வயதிலிருந்தே அவருக்குச் சர்க்கரை நோய். கருவியின் எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, விலை 650 டாலர். மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்பார்களாம். அவருடைய மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். ஒரு நாளைக்குப் பல தடவை அளந்து, சாப்பாட்டையும் இன்சுலினையும் அதற்குத் தக்கபடி மாற்றி, தன் உடம்பைத் தேற்றிக்கொண்டார். பொறியாளர் சொல்வதை மருத்துவ உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்பது வயதைக் கடந்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, அவரே டாக்டராகிவிட்டார். நோயாளி தன் சர்க்கரையைத் தானே அளக்கலாம் என்பது இப்படிப் போராடிக் கிடைத்த உரிமை.

இன்று அதே வேலையைச் செய்யும் கருவி சட்டைப் பையில் அடங்குகிறது. கடுகளவு ரத்தம், ஐந்து விநாடி, எண் வந்துவிடும். மீட்டரின் விலை பெரிய பாரமில்லை. மாதாமாதம் காசைத் தின்பது ஸ்ட்ரிப்தான். ஒன்று இருபது ரூபாய் வாக்கில் வருகிறது. ரத்தம் போதவில்லை என்றால் ‘எரர்’ காட்டும், அந்த ஸ்ட்ரிப் குப்பைக்கு. பல வகை டப்பாக்களைத் திறந்தால் மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ முடித்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை பார்க்கிறவருக்கு ஐம்பது ஸ்ட்ரிப் ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு வரும், அதற்குள் காலாவதியாகிவிடும். மூடியைச் சரியாக அழுத்தாவிட்டால் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றே அதைக் கெடுத்துவிடும். சித்தாள் வேலை பார்த்துக் காய்த்துப்போன விரலில் ஊசி இறங்குவதில்லை. பார்வை மங்கியவர் அந்த மெல்லிய ஸ்ட்ரிப்பை மீட்டரின் வாயில் செருகப் படும் பாட்டை ஒரு முறை பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்துகொண்டு எண் எங்கோ போகும். விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலி அதிகம், பக்கவாட்டில் குத்த வேண்டும். இதைக்கூடப் பல வீடுகளில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

அடுத்தது சண்டை. லேபில் 160, வீட்டில் 178. மெஷின் பொய் சொல்கிறது என்று தூக்கி மூலையில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் 2013-ன் சர்வதேசத் தர விதிப்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் ஆய்வக முடிவைவிட 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவீடுகள் அதற்குள் அடங்கினால் போதும். ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் கூட்டியே காட்டும். விற்கும்போதே சொல்ல வேண்டிய விஷயம் இது.

எனக்கு மனம் ஆறாதது வேறொன்று. எண் பரீட்சை மார்க்காகிவிட்டது. “அப்பா, சுகர் எவ்வளவுப்பா?” என்று வெளிநாட்டிலிருந்து மகள் கேட்கிறாள். “நூத்து முப்பதும்மா” என்கிறார். மீட்டரின் நினைவில் 212 இருக்கிறது. மகளைக் கவலைப்படுத்தக் கூடாது, திட்டும் வாங்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறார். அந்த 212-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பார், எழுதி வைப்பார், இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் நீட்டுவார், அவர் நோட்டைப் புரட்டிவிட்டு மாத்திரையைக் கூட்டுவார். பெனடிக்ட் காலத்துப் பிளஸ் குறிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இட்லி சாப்பிடுமுன் ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்தால் நாலு இட்லி தன் உடம்பில் என்ன செய்கிறது என்று அவருக்கே விளங்கும். மறுநாள் ஒன்றைக் குறைத்து, சுண்டலைக் கூட்டிப் பார்க்கலாம். மாதத்தில் இப்படி நாலு ஜோடி, குருட்டாம்போக்கில் முப்பது தடவை குத்துவதைவிட மேல்.

கையில் ஒட்டும் சென்சார் வந்திருக்கிறது. இரண்டு வாரம் குத்தாமலே காட்டும். விலை ஆயிரக்கணக்கில், வியர்வையில் பிசின் விட்டுப்போகும், அந்தக் கையை அழுத்திப் படுத்தால் நடு ராத்திரியில் தாழ்ந்துவிட்டதாகத் தவறாக எச்சரிக்கும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் பொருந்தாவிட்டால் விரலில் குத்திப் பார்க்கத்தான் அதன் கையேடும் சொல்கிறது. ஸ்ட்ரிப் டப்பா இல்லாமல் முடியாது. தமிழக அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. இன்சுலின் போடுகிற ஒவ்வொருவருக்கும் அதே பையில் ஒரு டப்பா ஸ்ட்ரிப் வர வேண்டும், கொண்டுவந்து கொடுப்பவர் பத்து நிமிஷம் உட்கார்ந்து அந்த நோட்டை அவரோடு சேர்ந்து படிக்க வேண்டும்.