ஸ்டியரிங் வளையத்துக்குக் கயிறு கட்டுவோம்



கேமரன் மலையில் குடியிருக்கும் உங்களுக்கு லேண்ட் ரோவர் வண்டியை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று எந்தப் பக்கம் போனாலும், முட்டைக்கோசு மூட்டைகளைச் சுமந்துகொண்டு சேற்றில் உறுமி ஏறும் அந்தப் பெட்டி வண்டி கண்ணில் படாமல் போகாது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி அது. போர் முடிந்து இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். ஆகவே உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். அலுமினியம் துருப்பிடிக்காது, நம் மலையின் ஓயாத மழைக்கும் பனிக்கும் அது பெரிய வசதியாகப் போயிற்று. 1985இல் மூன்றாம் வரிசை வண்டி உற்பத்தி நின்ற பிறகும், அந்தப் பழைய வண்டிகள் பல இங்கே இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இன்று நாம் பேசப்போவது அந்த வண்டியின் ஒரே ஒரு பாகத்தைப் பற்றி: ஓட்டுநர் நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்டியரிங் வளையம். உள்ளே எஃகுக் கம்பி, வெளியே கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக் உறை. பகல் வெயிலில் இரண்டும் விரிகின்றன, இரவுக் குளிரில் இரண்டும் சுருங்குகின்றன. ஆனால் ஒரே அளவில் அல்ல. பிளாஸ்டிக் கூடுதலாக அசைகிறது, எஃகு குறைவாக அசைகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல உறை வெடித்துப் பிளவு விடுகிறது. அந்தப் பிளவின் ஓரம் உள்ளங்கையைக் கிழிக்கும். இந்த வண்டிகளுக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. தோட்டச் சாலையின் கொண்டை ஊசி வளைவில் தோள் பலத்தால்தான் வளையத்தைத் திருப்ப வேண்டும். கை நனைந்திருந்தால் வழுக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? கொழுந்தெடுக்கப் போகும் நம் தாய்மார்களும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுந்தானே!

வளையத்துக்குக் கயிறு சுற்றும் வழக்கம் கடலிலிருந்து வந்தது. பாய்மரக் கப்பலில் கைபடும் இடங்களுக்கெல்லாம் மாலுமிகள் கயிற்றால் உறை பின்னினார்கள். சுக்கான் சக்கரத்தின் ஆரக்கால்களில் ஒன்றுக்கு மட்டும் தலைப்பாகை போன்ற ஒரு முடிச்சைப் போட்டு வைப்பார்கள். அந்த ஆரக்கால் உச்சிக்கு வந்தால் சுக்கான் நேராக இருக்கிறது என்று அர்த்தம். கும்மிருட்டிலும் விரலால் தடவி அறிந்துகொள்ளலாம். அந்த முடிச்சுக்கு ஆங்கிலத்தில் ‘துருக்கியன் தலை’ என்று பெயர். அமெரிக்கரான கிளிஃபர்ட் ஆஷ்லி என்பவர் 1944இல் வெளியிட்ட முடிச்சுப் புத்தகத்தில் மூவாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட முடிச்சுகளுக்கு எண் கொடுத்திருக்கிறார். அவற்றில் நமக்கு வேண்டியவை இரண்டே இரண்டு.

இந்த இரண்டும் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதியவை அல்ல. பூக்கட்டும்போது காம்பின்மேல் நாரை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே விட்டு இழுக்கிறார்களே, ஏறக்குறைய அதுதான் முதல் முடிச்சு. சடை பின்னத் தெரிந்தவருக்கு இரண்டாவதும் பாதி தெரிந்த மாதிரி. மூன்று கால் சடையை வளையமாக வளைத்து, தலையும் வாலும் தெரியாமல் சேர்த்துவிட்டால் அதுவே துருக்கியன் தலை. ஓட்டுநர் வீட்டு ஆண்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரித்துவிட்டு, மனைவியிடமோ அம்மாவிடமோ கற்றுக்கொள்ளட்டும்!

எவ்வளவு கயிறு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளையத்தின் வெளிவிட்டம் 43 சென்டிமீட்டர், பிடியின் பருமன் இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்விளிம்பின் சுற்றளவு சுமார் 120 சென்டிமீட்டர் வரும். 3 மில்லிமீட்டர் கயிற்றை நெருக்கிச் சுற்றினால் 400 சுற்று. ஒரு சுற்றுக்கு 9 சென்டிமீட்டர் வீதம் 36 மீட்டர். முடிச்சுக்கும் நுனிக்கும் சேர்த்து 50 மீட்டர் வாங்கிவிடுங்கள். பருத்திக் கயிறுதான் நல்லது. நைலான் பளபளப்பாக இருக்கும், ஆனால் வழுக்கும், முடிச்சும் நாளடைவில் தளர்ந்துபோகும். கூடை பின்னும் ஒயர் அதைவிட மோசம். ஈரக் கையில் நிற்கவே நிற்காது.

கட்டத் தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் கயிற்றைத் தொடாதீர்கள். வளையத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். பிளாஸ்டிக்கில் மட்டும் பிளவு என்றால் எப்பாக்சி பசையால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆரக்கால் ஆடினாலோ, நடுக்குடம் தண்டின்மேல் அசைந்தாலோ, எஃகில் கீறல் தெரிந்தாலோ அந்தச் சக்கரம் பட்டறைக்குப் போக வேண்டியது. கயிறு எதையும் பழுதுபார்க்காது, மறைக்கத்தான் செய்யும். நாங்கள் ஒருமுறை ஏறிப்போன வண்டியில் சிவப்பு நைலான் கயிறு வெகு அழகாகச் சுற்றியிருந்தது. வளைவில் ஓட்டுநர் திருப்பியபோது கயிற்று உறை மட்டும் கையோடு வந்தது. வளையம் சற்றுப் பின்தங்கியே திரும்பியது. மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றதால் ஒன்றும் நேரவில்லை. அன்றிலிருந்து தளர்ந்த உறையைவிட வெறும் வளையமே மேல் என்பது எங்கள் கட்சி.

இனி வேலைக்கு வருவோம். 50 மீட்டரையும் ஒரே இழையாக வைத்துக்கொள்ளாதீர்கள். வளையம் மூடிய வட்டமாதலால், ஒவ்வொரு முடிச்சுக்கும் மீதிக் கயிறு முழுவதையும் உள்ளே விட்டு எடுக்க வேண்டும், பொறுமை போய்விடும். ஆரக்காலுக்கு ஆரக்கால் ஒரு துண்டாக வெட்டி, காற்றாடி நூலைப்போல் சிறு கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். நுனியை வளையத்தின்மேல் படுக்கவைத்து, அதன்மேலேயே சுற்றத் தொடங்குங்கள். ஒரு சுற்று, ஒரு முடிச்சு, இழுத்து இறுக்கு. மறுபடி ஒரு சுற்று, ஒரு முடிச்சு. அப்படியே விட்டால் முடிச்சு வரிசை கொடிபோல் சுற்றிச் சுற்றி ஏறும். நமக்கு அது வேண்டாம். ஒவ்வொரு முடிச்சையும் கட்டைவிரலால் தள்ளி, வளையத்தின் வெளிவிளிம்பிலேயே வரிசையாக உட்கார வையுங்கள். இதற்குக் காரணம் உண்டு. உள்விளிம்பு 120 சென்டிமீட்டர், வெளிவிளிம்பு 135. உள்ளே நெருங்கும் கயிறு வெளியே சற்று இடைவெளி விடும். முடிச்சுக்குப் பருமன் அதிகமாதலால் அந்த இடைவெளியை அதுவே நிரப்பிவிடும். விரல் நுனி பிடிக்கவும் அங்கே ஒரு மேடு கிடைக்கும்.

துண்டு முடிய இன்னும் பத்துச் சுற்று இருக்கும்போது, மெல்லிய நூலை இரண்டாக மடித்து, அதன் வளைவு வெளியே தெரியும்படி அடியில் வைத்துச் சுற்றுங்கள். கடைசியில் கயிற்று நுனியை அந்த வளைவில் கோத்து நூலை இழுத்தால், நுனி சுற்றுகளுக்கு அடியில் போய் மறைந்துவிடும். தொங்கும் நுனி எதுவும் விளக்குப் பொறியிலோ ஹார்னிலோ சிக்க இடங்கொடுக்கக் கூடாது.

துண்டுகள் சந்திக்கும் ஆரக்கால் ஓரங்களில் துருக்கியன் தலையைப் போடலாம். முதலில் ஒரு மூங்கில் துண்டிலோ பாட்டிலின் கழுத்திலோ பழகுங்கள். ஒரே கயிறு மூன்று கால்களாக மாறி மாறி மேலும் கீழும் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். பிறகு அதே தடத்தில் பக்கத்திலேயே இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் ஓட்டினால் முடிச்சு தடித்து நிறையும். இதில் ஒரு வேடிக்கை: ஓரத்தில் வரும் வளைவுகளின் எண்ணிக்கை 4, 5, 7, 8 என்று இருந்தால் ஒரே கயிற்றில் முடியும். 3, 6, 9 என்று மூன்றால் வகுபடும் எண்ணாக இருந்தால், பின்னல் முடியுமுன்பே கயிறு தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். எண்ணிப் பார்க்காமல் தொடங்கியவர்கள் அவிழ்த்துப் போட வேண்டியதுதான்.

சக்கரங்கள் நேராக நிற்கும்போது வளையத்தின் உச்சியில் எந்த இடம் வருகிறதோ, அங்கே மாலுமிகளைப்போல் ஒரு முடிச்சு போட்டு வையுங்கள். பனிமூட்டத்தில் சாலையை விட்டுக் கண்ணெடுக்காமலே கை அதைத் தேடிக்கொள்ளும். ஆனால் வளையம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் அந்த முடிச்சு உச்சிக்கே வரும் என்பதை ஓட்டுநர் மறக்கக் கூடாது.

எல்லாம் முடிந்தபின் தச்சர்கள் மரத்துக்குப் பூசும் அரக்கு வார்னிஷை மெல்லியதாக இரண்டு முறை பூசி, நன்றாகக் காயவிடுங்கள். கனமாகப் பூசினால் கண்ணாடிபோல் வழுக்கத் தொடங்கும். மறுநாள் வண்டியை நிறுத்தி வைத்து, இரு கைகளாலும் உறையை முறுக்கிப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மறுபடி கட்டுங்கள்.