கால் கட்டைவிரல் வலிக்கும் கிட்னி கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவர்களுக்குக் கையைப் போலவே காலும் முக்கியம். குழித்தறியில் காலை இறக்கி, மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்தால்தான் சேலை வளரும். அப்படி உழைக்கிறவருக்குக் கால் கட்டைவிரல் வீங்கினால், 'மிதித்து மிதித்து வந்த வலி' என்று தைலம் தடவிவிட்டுச் சும்மா இருந்துவிடுவது எளிது. ஆனால், நள்ளிரவில் திடீரென்று ஆரம்பித்து, விரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது 'கவுட்' ஆக இருக்கலாம். ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படிவதால் வரும் வாதம் இது.

இதே யூரிக் அமிலம் சிறுநீரகத்தில் கல்லாகவும் மாறும். 1776-ல் கார்ல் ஷீலே என்ற வேதியியலாளர் யூரிக் அமிலத்தை முதன்முதலில் கண்டுபிடித்ததே சிறுநீர்க் கல்லில்தான். 1797-ல் இங்கிலாந்தின் வொல்லஸ்டன், கவுட் கட்டியிலும் அதன் உப்பு இருப்பதைக் காட்டினார்.

கல் எப்படி உருவாகிறது?

உடலில் சேரும் யூரிக் அமிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரின் பி.ஹெச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால், அது கரையாமல் படிகமாகிறது. கவுட், சர்க்கரை நோய், உடல் பருமன் உள்ளவர்களுக்குச் சிறுநீர் இப்படி அமிலமாக இருப்பது சகஜம். வெயில் காலத்தில் தறியை விட்டு எழ மனமில்லாமல் தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போட்டால் ஆபத்து இன்னும் கூடும்.

எக்ஸ்ரே ஏமாற்றும்

கால்சியம் கற்கள் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும். சுத்தமான யூரிக் அமிலக் கல் தெரியாது. விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் வலி இருந்தால், 'எக்ஸ்ரே நார்மல்' என்று நிம்மதி அடைய வேண்டாம். அல்ட்ரா சவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. இந்த வகைக் கல்லைப் பல நேரங்களில் ஆபரேஷன் இல்லாமல் கரைக்கலாம். பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்துகள் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இது ஆபத்து. எனவே, டாக்டர் சொல்லாமல் வாங்கிக் குடிக்கக் கூடாது. வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்?

* தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கலாம். இதய, சிறுநீரக நோயாளிகள் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.
* ஈரல் உள்ளிட்ட உள்ளுறுப்புகள், ஆட்டிறைச்சி, மத்தி, நெத்திலி, பீர், இனிப்புக் குளிர்பானங்களைக் குறைக்க வேண்டும்.
* பருப்பு, கீரையை அறவே ஒதுக்கத் தேவையில்லை. கொழுப்பு நீக்கிய மோர் நல்லது.

மூட்டுக்கு ஒரு டாக்டர், கல்லுக்கு ஒரு டாக்டர் என்று தனித்தனியே போகிறவர்கள், இரண்டு பேரிடமும் இரண்டு தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். கல்லைக் கரைப்பதோடு நிறுத்திவிட்டால், கால்விரல் மறுபடியும் வீங்கும். யூரிக் அமிலத்தையே கட்டுக்குள் வைத்தால்தான் இரண்டும் அடங்கும்.