'றெமிற்' என்ற சொல்லும் ஒரு கடிதமும்



ஊருக்குக் காசு அனுப்பும் கடைப் பலகைகளில் 'றெமிற்றன்ஸ்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். வணிகம் படித்த எனக்கும் 'றெமிற்' என்றால் காசு அனுப்புவது என்ற ஒரு பொருள்தான் தெரியும், 1990களில் அந்தக் கடிதம் வரும்வரை.

எனது அகதி விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டு, அகதிகள் மீளாய்வு மன்றத்துக்குப் போயிருந்தது. (அவுஸ்திரேலியாவில் 1993 முதல் 2015 வரை இயங்கிய மன்றம் அது.) முடிவுக் கடிதத்தில் 'றெமிற்' என்று இருந்தது. காசுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அகராதியைப் புரட்டினேன். 'திருப்பி அனுப்புதல்' என்று போட்டிருந்தது. கை நடுங்கிவிட்டது. மனைவியிடம் சொல்லவும் துணிவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடிதத்தை வாசித்த சட்டத்தரணி சிரித்தார். திருப்பி அனுப்பப்பட்டது நான் அல்ல, என் வழக்கு! இவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்ற பணிப்போடு மன்றம் அதைக் குடிவரவுத் திணைக்களத்துக்கே அனுப்பியிருந்தது. வெற்றிக் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

இலத்தீனில் 'மிற்றரே' என்றால் அனுப்புதல், போகவிடுதல். 'றெ' என்றால் பின்னோக்கி. இரண்டும் சேர்ந்தால் திருப்பி அனுப்புதல். இறுக்கிப் பிடித்ததைத் தளர்த்தி விடுதல் என்றும் பொருள் உண்டு. கடனையும் தண்டனையையும் பாவத்தையும் மன்னிப்பது அந்த வழியில் வந்தது. ஆங்கிலத்திலும் மன்னிப்புத்தான் முந்தியது. காசு அனுப்பும் பொருள் 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. புற்றுநோய் அடங்கியிருக்கும் நிலையை வைத்தியர்கள் 'றெமிஷன்' என்பதும் இந்தத் தளர்வைத்தான். வரித் திணைக்களம் அபராதத்தை 'றெமிற்' செய்ததாக எழுதினால், அதை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். காசோலையோடு என்னிடம் ஓடிவந்தவர்களும் இருக்கிறார்கள்!

'மிஷன்', 'பெர்மிற்' எல்லாம் இதே குடும்பம். ஏவுகணையைக் குறிக்கும் 'மிசைல்', வாக்குறுதியைக் குறிக்கும் 'புறொமிஸ்' இரண்டும் உடன்பிறப்புகள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வசதியான குடும்பங்கள் சில, தறுதலைப் பிள்ளைகளை அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவிட்டு, திரும்பி வராமல் இருப்பதற்காகவே ஒழுங்காகக் காசு அனுப்பின. அப்படிப்பட்டவரை 'றெமிற்றன்ஸ் மேன்' என்பார்கள். அவருக்கு ஊரிலிருந்து காசு வந்தது. எங்களிடமிருந்து ஊருக்குப் போகிறது.