விண்டோஸில் ஓடும் வைஃபை டாங்கிள் லினக்ஸில் ஏன் முரண்டு பிடிக்கிறது?

மலேசியாவின் பண்டார் தெங்காராவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீடு. பழைய மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் ஏற்றியாயிற்று. புது வைஃபை டாங்கிளைச் சொருகினால் விளக்கு மினுக்குகிறது, ஆனால் இணையம் வரவில்லை. ஏன்?

அந்தக் காலத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். துரைக்கு ஆங்கிலம், தொழிலாளிக்குத் தமிழ். நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த கிராணி இல்லாவிட்டால் வேலை நடக்காது. இங்கே இயங்குதளத்தின் மையமான கெர்னல்தான் துரை, டாங்கிளுக்குள் இருக்கும் சிப் தொழிலாளி, டிரைவர்தான் கிராணி.

விண்டோஸுக்கான கிராணியைத் தயாரிப்பாளரே அனுப்பிவிடுவார். லினக்ஸில் கிராணி கெர்னலோடு சேர்ந்தே வந்தால்தான் நிம்மதி. வெளியிலிருந்து கூட்டிவந்த கிராணி, அடுத்த கெர்னல் அப்டேட்டில் வேலைக்கு வராமல் போகலாம்.

அதனால் பிராண்டை விடுங்கள், சிப்பைக் கேளுங்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸ் ஏஆர்9271. லினக்ஸில் சொருகியதும் ஓடும். இரண்டாம் பதிப்பிலும் அதே பெயர்தான், உள்ளே ரியல்டெக்! பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணை யார் பார்க்கிறார்கள்?

இப்போது வாங்குவதென்றால் என் ஓட்டு மீடியாடெக்குக்கு. எம்டி7612யு சிப்புக்குக் கெர்னல் 4.19 முதலும், எம்டி7921யு சிப்புக்கு 5.18 முதலும் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. உங்கள் கெர்னல் அதைவிடப் பழையதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.