எட்டு வயதிலேயே பூப்பா? பந்தல் போடும் முன் மருத்துவரைப் பாருங்கள்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமிக்கு மார்பு அரும்புகிறது. "எல்லாம் பிராய்லர் கோழி செய்கிற வேலை" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "நல்லதுதானே, சீக்கிரம் பெரியவளாகிறாள்" என்கிறார் பாட்டி. இரண்டு பேச்சும் மருத்துவமனைக்குப் போவதைத்தான் தள்ளிப்போடுகின்றன. 8 வயதுக்கு முன் மார்பு வளர்ந்தாலோ, 10 வயதுக்கு முன் மாதவிடாய் வந்தாலோ காரணம் தேட வேண்டும். தேவைப்பட்டால் பூப்பைச் சில ஆண்டுகள் நிறுத்திவைக்கவும் முடியும். அதற்கு வழிகாட்டியவை குரங்குகள்.

குரங்குகளிடம் கற்றது

பூப்புக்கான கட்டளை மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸிலிருந்து வருகிறது. அங்கே ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரந்து பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்ட, ஈஸ்ட்ரோஜன் ஊறுகிறது. பெண் குழந்தைக்கும் பெண் குரங்குக்கும் இந்த ஏற்பாடு பிறந்த சில மாதங்கள் இயங்கும். பிறகு மூளையே அதை அடக்கிவைக்கும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர், பருவமடையாத ரீசஸ் குரங்குகளுக்கு அந்த ஹார்மோனை மணிக்கு ஒரு முறை செலுத்திப் பார்த்தார்கள். வளர்ந்த குரங்குகளைப் போலவே அவற்றுக்கும் முட்டை வெளியேறும் சுழற்சி தொடங்கியது. செலுத்துவதை நிறுத்தியதும் அது நின்றுவிட்டது. 1980இல் வெளியான இந்த ஆய்வு, சினைப்பை எப்போதோ தயார், தடுத்து வைத்திருப்பது மூளைதான் என்று காட்டியது. இதே ஹார்மோனை இடைவிடாமல் கொடுத்தால் பிட்யூட்டரி அடங்கிப்போகிறது என்பதை அக்குழு 1978இலேயே கண்டிருந்தது. முன்கூட்டிய பூப்புக்கு இன்று போடப்படும் லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் ஊசிகள் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கின்றன.

சூழலுக்கும் இதில் பங்குண்டு. தென் அமெரிக்காவின் டாமரின் குரங்குக் குடும்பத்தில் தாயோடு இருக்கும்வரை மகளுக்கு முட்டை வெளியேறுவதில்லை. பிரிந்து போய்ப் புதிய துணையோடு சேர்ந்ததும் வெளியேறத் தொடங்குகிறது. ரீசஸ் கூட்டத்தில் கீழ்ப்படியிலுள்ள குட்டிகள் தாமதமாகவே பருவமடைகின்றன. சூழலின் பங்கு மனிதர்களிலும் தெரிகிறது. இந்தியாவிலிருந்து சுவீடனுக்குத் தத்துப்போன சிறுமிகளைப் பற்றிய 1991 ஆய்வில், அவர்களுக்கு முதல் மாதவிடாய் வந்த இடைநிலை வயது 11.6; எட்டு வயதுக்கு முன்பே மாதவிடாய் வந்தவரும் அதில் உண்டு. ஊட்டம் குறைந்த குழந்தைப் பருவத்திலிருந்து திடீரென நல்ல ஊட்டத்துக்கு மாறியது இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

கோழிதான் காரணமா?

பிராய்லர் கோழி வேகமாக வளர்வதற்குக் காரணம் ஹார்மோன் அல்ல; இனத் தேர்வும் தீவனமும்தான். கவனிக்க வேண்டியது உடல் எடை. கொழுப்பில் ஊறும் லெப்டின் ஹார்மோன், உடலில் போதிய சேமிப்பு உண்டு என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. அதனால் குண்டான சிறுமிகளுக்குப் பூப்பு முந்துகிறது. பிளாஸ்டிக்கிலும் அழகுப் பொருட்களிலும் உள்ள சில வேதிப்பொருட்கள் மீது சந்தேகம் இருக்கிறது. முடிந்த முடிவு இன்னும் இல்லை. சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் வைக்காமல் இருப்பதில் நட்டம் ஏதுமில்லை. பெரியவர்கள் பூசும் ஹார்மோன் களிம்பு குழந்தையின் தோலில் படக் கூடாது.

ஆபத்துகள்

ஈஸ்ட்ரோஜன் எலும்பை முதலில் வேகமாக வளர்த்து, பிறகு வளர்ச்சித் தட்டுகளை மூடிவிடும். வகுப்பிலேயே உயரமாக நின்ற பெண் பின்னாளில் குள்ளமாக நின்றுபோவது இதனால்தான். பெரும்பாலான சிறுமிகளிடம் வேறு நோய் எதுவும் தென்படாது. ஆனால் ஆறு வயதுக்கு முன் தொடங்கினாலோ, தலைவலி, பார்வை மங்கல் சேர்ந்தாலோ மூளையில் கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். தைராய்டு குறைவும் சினைப்பை நீர்க்கட்டியும்கூடக் காரணமாகலாம்.

மார்பு வளர்ச்சியே இல்லாமல் சிறுமிக்கு இரத்தப்போக்கு வந்தால் அதைப் பூப்பென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காயமாகவோ, தொற்றாகவோ, பாலியல் கொடுமையின் அடையாளமாகவோ இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்ய வேண்டியவை

மார்பு அரும்பிய மாதத்தையும் குழந்தையின் உயரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்குச் செல்லுங்கள். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது தெரியும். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தொடரலாம். எல்லாருக்கும் ஊசி தேவைப்படாது. ஏழெட்டு வயதில் தொடங்கி மெதுவாக நகரும் பூப்பைக் கண்காணித்தாலே போதும். ஊசி தேவைப்பட்டால் மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ போடுவார்கள். நிறுத்தியதும் பூப்பு தானாகத் தொடரும். ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. உளுந்தங்களி நல்ல உணவுதான். முன்கூட்டிய பூப்புக்கு அது மருந்தாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பூப்படைந்ததால் சட்டத்தின் கண்ணில் வயது கூடிவிடாது. 18 வயது நிறையும்வரை அவள் குழந்தை. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, அதற்கு முன் கல்யாணம் செய்துவைப்பவருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் "பார்க்கப் பெரிய பெண்ணாக இருந்தாள்", "அவளும் சம்மதித்தாள்" என்ற வாதங்களுக்கு இடமில்லை. குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி அவள் உரிமை. பூப்பைக் காரணம் காட்டிப் படிப்பை நிறுத்த யாருக்கும் அதிகாரமில்லை. உதவிக்கு எந்த நேரமும் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

தமிழ்நாட்டின் புதுயுகம் திட்டம் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இலவச நாப்கின் தருகிறது. ஒன்பது வயதில் மாதவிடாய் வந்தவள் பட்டியலில் விடுபடக்கூடும். கிராம சுகாதார செவிலியரிடமும் வகுப்பு ஆசிரியையிடமும் கேளுங்கள்.

மஞ்சள் நீராட்டு நடத்துவதா வேண்டாமா என்பது வீட்டாரின் முடிவு. ஆனால் அந்தச் சிறுமியின் படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் பேனர் கட்டினால், அவள் உடம்பில் நடந்ததை ஊருக்கே அறிவிப்பதாகிவிடும். முறைமாமன் பேச்சும் அன்றே கிளம்பும். எட்டு வயதுப் பெண்ணின் பூப்புக்கு முதலில் தேவை மருத்துவர் சீட்டு. அழைப்பிதழ் அச்சடிப்பதைப் பற்றி அவள் வளர்ந்து தானே சொல்லட்டும்.